ஓர் ஊத்தாவுக்குள் இரண்டு கைகள்: ஒரே விஷயத்தைப் பல வடிவங்களில் எழுதிப் பழகியவர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கவிதையில் தொடங்குகிறார்கள். சின்னதாக இருக்கிறது, ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது, உடனே நாலு பேரிடம் காட்டலாம். அப்புறம் சிறுகதைக்குப் போகிறார்கள். கட்டுரையைப் பள்ளிக்கூடத்து வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாடகத்தின் பக்கம் யாருமே திரும்புவதில்லை. இந்த வரிசை தவறு என்பது என் முடிவு. கட்டுரை முதலில், நாடகம் அடுத்து, சிறுகதையும் கவிதையும் அதற்குப் பிறகு என்று மாற்ற வேண்டும். என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்த ஒருவருடைய பயிற்சியை முழுதாகவே எழுதுகிறேன். அவர் சம்மதம் தந்திருக்கிறார். பெயரையும் ஊரையும் சொல்லவில்லை.

ஆளும் விஷயமும்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எழுதப் பழகுகிறவர்கள் சிலர் கூடுகிறோம். நடத்துவது நான். அங்கே வந்தவர்தான் இவர். மேலூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர், முப்பத்தைந்து வயதுக்காரர், மதுரையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நிறையப் படிக்கிறவர். இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கேட்டால் தடுமாறாமல் சொல்வார். சிறுகதை என்றால் ஒரு நிகழ்ச்சி, ஓர் உணர்வு, ஒருமைப்பாடு. நாடகம் என்றால் முரண், உச்சம், வீழ்ச்சி. அந்த இலக்கணம் அவர் எழுத்துக்கு ஒருநாளும் கைகொடுத்ததில்லை.

அவரிடம் இருந்த விஷயம் இது. மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கம் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். வலை, கச்சா, கூடை, ஊத்தா என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். அப்படி ஒரு நாளில், வரப்புத் தகராறில் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பெரியப்பா ஊத்தாவைக் குத்தி அமுக்கினார். உள்ளே பெரிய விரால். ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. அப்பாவின் கையும் அதே ஊத்தாவுக்குள் போனது. கரையோரத்தில் சாக்குப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் இதைப் பார்த்தான். அதற்குப் பிறகும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஊத்தா தெரியாதவர்களுக்காக: மூங்கில் பிளாச்சுகளைக் கயிற்றால் வரிந்து கட்டிய கூடு. அடிப்பக்கம் அகலம், மேல்பக்கம் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. முழங்கால் அளவு நீரில் குத்தி அமுக்கினால் உள்ளே மாட்டிய மீன் முட்டும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். கலங்கல் நீரில் கண்ணால் எதுவும் தெரியாது. எல்லாம் கை அறிவதுதான். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

முதல் எழுத்துகள்

அவர் முதலில் கொண்டுவந்தது புதுக்கவிதை. நீர், வேர், ரத்தம், உறவு ஆகிய நாலு சொற்களும் அதில் மாறி மாறி வந்தன. ஊத்தா வரவில்லை, விரால் வரவில்லை, வரப்பும் வரவில்லை. எந்த ஊர்க்காரரும் எந்தச் சண்டையைப் பற்றியும் அந்தக் கவிதையை எழுதியிருக்கலாம்.

அடுத்து சிறுகதை. அதன் முதல் வரியை அவர் அனுமதியோடு தருகிறேன்: ‘பகை என்னும் இருள் சூழ்ந்த அந்தக் குடும்பத்தில் அன்று ஓர் ஒளிக்கீற்று பிறந்தது.’ இதற்குப் பிறகு கதையில் நடக்க எதுவும் மிச்சமில்லை, எல்லாம் இந்த வரியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த பக்கங்களில் அப்பாவின் மனம் குமுறியது, பெரியப்பாவின் மனம் இளகியது, பையனின் மனம் நிறைந்தது. மூன்று மனங்களுக்குள்ளும் எழுதுபவர் நுழைந்து வெளியே வந்தார். மூன்று பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

நல்ல மொழி அவரிடம் இருந்தது. பட்டறையில் அவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவு துல்லியம். பேனாவை எடுத்ததும் அது மறைந்தது. கவிதையும் கதையும் விளக்கம் சொல்ல இடம் கொடுக்கிற வடிவங்கள். புதிதாக எழுதுகிறவர் அந்த இடத்தை முழுக்க விளக்கத்தாலேயே நிரப்பிவிடுகிறார். இலக்கியத்தின் சொத்து என்று அவர் நம்புகிற சொற்களெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

அதனால் கட்டுரை எழுதச் சொன்னேன். விதி ஒன்றே ஒன்று: தானே பார்த்தது, இன்னொருவர் சொன்னது, இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது, எது எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். வரிசைப்படுத்தத் தெரியாமல் அவர் திணறியபோது மதுரைக் காஞ்சியைப் படிக்கச் சொன்னேன். மாங்குடி மருதனார் பாடியது, 782 அடி, பத்துப்பாட்டில் இதுதான் நீளமானது. மதுரை நகரத்தின் கூட்டத்தையும் சத்தத்தையும் அவர் பொழுதை வைத்துக் கட்டுகிறார். பகல் நேரத்து நாளங்காடி, மாலையில் தொடங்கும் அல்லங்காடி, பிறகு இரவின் யாமங்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் விடியல். ஆயிரம் பேர் புழங்குகிற இடத்தை எழுத நேரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று அதில் கற்கலாம். இவரும் அப்படியே செய்தார். விடியுமுன் கரையில் ஆள் சேர்வது, சாமி கும்பிடுவது, துண்டு வீசுவது, முதல் கலங்கல், வெயில் ஏறுவது, ஊர் திரும்புவது, மதியம் எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு வாசம்.

கட்டுரைக்காக ஊருக்குப் போய் விசாரித்தபோதுதான் முக்கியமான ஒன்று வெளியே வந்தது. விரால் தப்பிவிட்டது என்கிறார் அப்பா. பிடிபட்டது, தன் வீட்டில்தான் குழம்பு வைத்தோம் என்கிறார் பெரியப்பா. பையனாக நின்ற இவருக்கு நினைவில்லை. ‘ரெண்டில் எதை எழுதுவது?’ என்று கேட்டார். கட்டுரை என்றால் இரண்டையும் எழுத வேண்டும், யார் எதைச் சொன்னார் என்பதோடு. நினைவில் இல்லாததை நினைவில் இருப்பதாக எழுதினால் அது பொய். எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய்தான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தன்வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கதையில் அவர் எந்த முடிவையும் எடுத்துக்கொள்ளலாம். கட்டுரையில் அந்த உரிமை இல்லை. இரண்டு வகைகளுக்கும் நடுவில் இருக்கும் கோடு அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எந்த இலக்கணப் புத்தகமும் அவருக்கு அதைப் புரியவைத்திருக்கவில்லை.

பஞ்சாரம்

அதன் பிறகு நாடகம். மூன்று பாத்திரம், ஒரே காட்சி, மேடைக் குறிப்பு இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. யாருடைய மனதில் என்ன ஓடுகிறது என்று எழுதவே கூடாது.

முதல் வாரம் வெறுங்கையோடு வந்தார். ‘அவுக பேசிக்கவே இல்லையே, என்னத்த எழுத?’ என்றார். நியாயமான கேள்வி. பேசாத இரண்டு பேரை வைத்து நாடகம் எழுதுவது எப்படி? மேடையில் கண்மாயை எப்படிக் கொண்டுவருவது?

இவருக்கு வசதியான ஒரு பின்புலம் இருந்தது. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவர். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்ற நாடகக் குழுவை 1918இல் தொடங்கியது மதுரையில்தான். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் அந்த நாடகம் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்கிற நாயக வேடக்காரர் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் என்கிற நாயகி வேடக்காரர் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் பிடித்துக்கொண்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் காட்சி படுத்துவிடும். பேச்சைப் பேச்சுதான் இழுத்துப் போகிறது, ஆசிரியர் குறுக்கே வந்து உதவ வழியில்லை. அந்தக் காது இவருக்குச் சின்ன வயதிலேயே அமைந்திருந்தது. எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊத்தா கிடைக்கவில்லையாம், கோழி கவிழ்க்கிற பஞ்சாரம்தான் கிடைத்ததாம். அறையின் நடுவில் வைத்து, இரண்டு பேரைக் கைவிடச் சொல்லி, ஒருவரை ஓரத்தில் பையோடு நிற்க வைத்தார். கையில் இருந்த தாளை மூவரும் படித்தார்கள்.

பெரியப்பா: டேய், அந்தக் கையை எடுக்கச் சொல்லு.

அப்பா: எடுத்தா மீன் போயிரும்னு சொல்லு.

பெரியப்பா: போனாப் போகட்டும்னு சொல்லு.

அப்பா: அவுகளுக்கு எதையும் பிடிச்சு வைக்கத் தெரியாதுன்னு சொல்லு.

பெரியப்பா: பிடிச்சு வச்சதையெல்லாம் யாரு பிடுங்குனான்னு கேளு.

பையன்: யார்ட்டப்பா நான் சொல்ல?

அப்பா: பேசாம பையை விரிடா.

அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம். பேச்சு நின்றுபோன வீடுகளில் பிள்ளையை நடுவில் நிறுத்தித்தான் பேசுவார்கள், பிள்ளை இல்லாவிட்டால் சுவரைப் பார்த்தாவது பேசுவார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கவிதை எழுதியபோதும் முதல் கதை எழுதியபோதும் அது அவர் நினைவுக்கே வரவில்லை. நாடகம் பேச்சைத் தவிர வேறு எதையும் ஏற்க மறுத்தபோதுதான் தேடிப் பிடித்தார். மேலே இருக்கும் ஏழு வரிகளில் வரப்பு என்ற சொல் கிடையாது. ஆனால் முழுத் தகராறும் உள்ளே இருக்கிறது.

படித்து முடித்ததும் நடந்த திருத்தமும் சொல்லத்தக்கது. முதல் பிரதியில் அப்பா ‘அவனுக்கு’ என்றுதான் பேசினார். திருமங்கலத்திலிருந்து வரும் ஓர் அம்மா, தையல் வேலை செய்பவர், உடனே மறித்தார். அண்ணனோடு எவ்வளவு சண்டை என்றாலும் தம்பி பிள்ளையின் எதிரில் ‘அவுக’ என்றுதான் சொல்வார் என்றார். மாற்றிப் படித்துப் பார்த்தோம். கோபம் கூடியது. மரியாதை மாறாமல் இருப்பதே அந்த வரியைச் சுடவைத்தது. உரக்கப் படிக்காமல் இது யாருக்கும் பிடிபட்டிருக்காது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நாடகத்தை முன்னால் வை என்பது வெளியிலிருந்து இறக்கிய யோசனை இல்லை. நம்முடைய அகப்பாட்டு முழுவதுமே யாரோ ஒருவர் யாரிடமோ பேசுகிற பேச்சுதான். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. புலவர் தன் குரலில் பேசுவதே இல்லை. தொல்காப்பியம் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்துத்தான் பாடல் நெறியைச் சொல்கிறது. அகத்தில் யாருடைய பெயரையும் சுட்டக் கூடாது என்கிறது. அதிலும் சிறைப்புறம் என்று ஒரு முறை உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் நிற்பது தோழிக்குத் தெரியும். ஆனால் அவள் அவனிடம் பேசமாட்டாள். அவன் காதில் விழும்படி தலைவியிடம் பேசுவாள். பஞ்சாரத்தைச் சுற்றி அன்று நடந்ததும் இதேதான். பிள்ளையிடம் பேசினார்கள், கேட்க வேண்டியவர் எதிரில் இருந்தார். இதைச் சொன்னதும் அவர் குறுந்தொகையை வாங்கிக்கொண்டு போனார். பாட்டின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பை முதலில் பார்த்து, யார் யாரிடம் சொல்கிறார், வேறு யார் கேட்கிறார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். அவரிடம் பார்த்ததிலேயே எனக்கு மிகுந்த நிறைவு தந்தது அந்தப் புத்தகத்தின் ஓரங்கள்தான்.

திரும்பவும் சிறுகதை

இரண்டாவது பிரதி இப்படித் தொடங்கியது: ‘பெரியப்பாவின் ஊத்தாவுக்குள் அப்பாவின் கை எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.’

ஒளிக்கீற்று போய்விட்டது. அதற்கு மேலேயும் ஒரு மாற்றம் இருக்கிறது. முதல் பிரதியில் எழுதுபவர் எல்லோருடைய மனதுக்குள்ளும் போய் வந்தார். இதில் சொல்கிறவன் பையன். அவனுக்கு நீருக்கு மேலே இருப்பது மட்டும்தான் தெரியும்: இரண்டு முதுகு, தோள்வரை நனைந்த சட்டை, ஊத்தாவின் விளிம்பில் முட்டிக்கொள்ளும் இரண்டு முழங்கை. உள்ளே கைகள் தொட்டுக்கொண்டனவா, விலகினவா, மீனைப் பிடித்தனவா என்பது கலங்கலுக்குள். நாடகத்தில் பஞ்சாரத்தின் இடைவெளி வழியாகப் பார்ப்பவர்களுக்குக் கைகள் தெரிந்தன, அதனால் பேச்சைக் கவனித்தார்கள். கதையில் கைகள் தெரியாது, அதனால் வாசகர் கைகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே நிகழ்ச்சிதான். வாசகரை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது.

மீன் விஷயத்தில் அவர் எடுத்த முடிவும் நல்ல முடிவு. கதையில் மீன் பிடிபடுகிறது. மதியம் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு வருகிறது. கொண்டுவருவது பெரியம்மா. அம்மா வாங்கிக்கொள்கிறாள், சட்டியைக் கழுவிச் சும்மா கொடுக்கக் கூடாது என்று நாலு முருங்கைக்காயைப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். இது நடந்ததே இல்லை, அவர் கற்பனை. கட்டுரையில் அடங்கிக் கிடந்த கற்பனைக்குக் கதையில் வேலை கிடைத்தது. அப்பா கடைசிவரை எதுவும் சொல்வதில்லை.

சிறுவர் கதையாகவும் ஒரு முயற்சி செய்தார். விரால் பேசுகிற மாதிரி எழுதினார். சுமார்தான். பெரியவர்களின் மனத்தாங்கலை மீன் வாயில் திணித்திருந்தார், அதை அப்படியே விட்டுவிட்டோம்.

நாலு வரி அகவல்

மரபுக்கவிதையைப் பழகச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். இவர் சுளிக்கவில்லை. அகவலில், அதாவது ஆசிரியப்பாவில், அதிலும் நேரிசை ஆசிரியப்பாவில், தொடங்கினோம். அடிக்கு நாலு சீர், கடைசிக்கு முந்தைய அடியான ஈற்றயலடியில் மட்டும் மூன்று சீர், ஏகாரத்தில் முடிவு. சீரோடு சீர் சேர வெண்பா வைக்கும் தளைக்கட்டு போல நெருக்காது; பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும். பல வாரம் அசை பிரித்த பிறகு வந்தது இது:

கலங்கிய குளத்துக் கவிழ்ந்த கூட்டுள்
விலங்கி நின்றோர் வெறுங்கை இரண்டும்
ஒருமீன் தேடித் துழாவ
வரப்பென ஒன்றும் வாய்க்கா நீரே

இங்கே அண்ணன் தம்பி இல்லை, பையன் இல்லை, துண்டு வீசியவர் இல்லை, குழம்பும் இல்லை. இரண்டு கையும் நீரும் மட்டும். முதல் கவிதையில் உறவு என்ற சொல் பல இடத்தில் இருந்தும் உறவு வரவில்லை. இதில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடைக்கவில்லை. நிலமும் பொழுதுமான முதற்பொருளும், அங்கே இருக்கும் உயிர்களும் பொருள்களுமான கருப்பொருளும் சரியாக அமைந்தால் பாட்டின் உணர்வான உரிப்பொருளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை என்பதைப் பாடமாக நடத்தியிருந்தால் அவர் குறித்துக்கொண்டு போயிருப்பார். சீர் எண்ணிக்கை சொற்களை வெளியே தள்ளியபோது தானே கண்டுகொண்டார். வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். அது கணவன் மனைவிக்குரியது, உடன்பிறந்தார் பகையை அதற்குள் இழுக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் கண்மாய்க்கரையில் ஒரு மனத்தாங்கலை வைத்த அந்த வழி எத்தனை பழையது என்று நினைத்துப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

கடைசி அடியில் ‘வாய்க்கா’, அதாவது வாய்க்காத, என்பது கொஞ்சம் வலிந்து வந்தது என்று அவரே சொல்கிறார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. மூன்றாம் அடி ஒரு சீர் குறைந்து நிற்கும் இடத்தில் வாசிப்பவருக்குத் தானாகவே ஒரு நிறுத்தம் கிடைக்கிறது. கையைத் துழாவ விட்டு அங்கே நிறுத்தியது அவருக்குத் தெரிந்து செய்ததா என்று நான் கேட்கவில்லை.

எங்கே பொருந்தவில்லை

இதே வரிசை எல்லோருக்கும் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. அவனியாபுரத்திலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி, தன் அம்மாச்சி இறந்த பிறகு அவருடைய அறையில் தனியாகப் படுத்திருந்த இரவை எழுத விரும்பினாள். கட்டுரை நன்றாக வந்தது. நாடகம் கெட்டது. அந்த இரவில் இரண்டாவது ஆள் கிடையாது. பேச ஆள் வேண்டுமே என்பதற்காக ஒரு தோழியை அவள் புகுத்தினாள். தோழி வந்ததும் இரவு போய்விட்டது. அவளை அம்மாச்சிக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். கடிதத்தில் கேட்பவர் ஒருவர் இருக்கிறார், பதில் சொல்லமாட்டார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. அந்தக் கடிதத்திலிருந்தே அவள் சிறுகதைக்குப் போனாள். அதனால் நான் வற்புறுத்துவது மேடை நாடகத்தை மட்டுமில்லை என்று இப்போது தெளிவாகச் சொல்லலாம்: எழுதுகிற பேச்சுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று எழுதுபவருக்குத் தெரிந்த பிறகு விளக்கங்கள் தானாகக் கழிகின்றன. எதிரில் ஆள் இல்லாமல் எழுதும்போதுதான் இருளும் ஒளியும் வேரும் ரத்தமும் வருகின்றன.

இன்னொருவர் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர். தெருவையும் கடைகளையும் பற்றிக் கட்டுரை எழுதுவதிலேயே அவருக்கு மனம் நிறைகிறது. அவரை நாடகத்துக்குத் தள்ளவில்லை, தள்ளவும் மாட்டேன்.

நாவல் பற்றியும் ஒரு சொல். மேலூர்க்காரர் அடுத்து அதைத்தான் எழுத வேண்டும் என்கிறார். ஊத்தாவுக்குள் இரண்டு கை நுழைந்தது ஒரு நிமிட விஷயம், சிறுகதை அதைத் தாங்கிவிட்டது. வரப்புத் தகராறு தாத்தா காலத்தில் தொடங்கி இரண்டு தலைமுறை நீள்கிறது. அதற்கு நாவல்தான் வேண்டும் என்பது சரி. ஆனால் தகராறின் வேரே அவருக்கு இன்னும் தெரியாது, அப்பா பக்கத்துக் கதை மட்டும்தான் தெரியும். முதலில் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துப் பார்த்து, பட்டாவோடு ஒப்பிட்டு, இரண்டு வீட்டாரும் சொல்வதைத் தனித்தனியாகக் கேட்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். மூலப் பத்திரம் பெரியப்பாவிடம் இருக்கிறது. வருகிற வைகாசியில் ஊருக்குப் போகும்போது கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.